ஓடிக்கொண்டே மாறிய மூச்சு சர்வர்

வியாழன் கிரகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அதன் சட்டைப் பொத்தானை மாற்றியவர் சர்வர் பொறியாளர் மங்கையர்க்கரசி என்றால் நம்பமாட்டீர்கள். சரி, வியாழன் இல்லை. ஆனால் அவர் செய்தது அதைவிடக் கடினம்.

வியாழனின் நிலாவான யூரோப்பாவில், பனிக்கு அடியில் ஒன்பதாயிரம் பேர் குடியிருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் பதித்த சில்லு நான்கு நொடிக்கு ஒருமுறை சர்வரிடம் ஒரு மூச்சு கேட்கும். சர்வர் காற்றை அனுப்பும். ஒருவரின் பேச்சும் மூச்சும் ஒரே இணைப்பில்தான் போகும். சர்வரை நிறுத்தித் திரும்ப இயக்க ஏழு நிமிடம். அதற்குள் மூச்சு கேட்க ஆளிருக்காது.

அன்று காலை, பழுதான கப்பலொன்று நானூறு பேருடன் துறையில் வந்து ஒட்டியது. உள்ளே இருபது நிமிடக் காற்றே மிச்சம். சர்வரின் அமைவிலோ ஒன்பதாயிரம் பேருக்கு மேல் காற்று அனுப்ப அனுமதி இல்லை.

"அந்த ஒன்பதாயிரத்தை மாத்திடறேன் சார். ஓடிக்கிட்டே மாறும்," என்றார் மங்கை.

மேற்பார்வையாளர் கனகசபாபதி சிரித்தார். "ஏம்மா, ஓடுறவன் கால்ல செருப்பு மாத்துவியா?"

"காலையே மாத்தலாம் சார்."

புது எண்ணோடு அமைவை எழுதி, நிற்காமல் மாறும்படி சர்வருக்குச் சைகை கொடுத்தார். சர்வருக்குள் மூச்சை வழங்கும் பணியாள் நிரல்கள் புதிதாக எழுந்து புதுக் கோரிக்கைகளை வாங்கிக்கொண்டன. பழையவை கையிலிருந்ததை முடித்துவிட்டு அணைந்தன. ஒன்பதாயிரம் மூச்சுகள் கைமாறின. தூங்கும் ஒரு குழந்தைகூடப் புரளவில்லை. அலையே எழாமல் ஒரு கடல் இடம் மாறியதைப் பார்த்ததுபோல் மங்கைக்கு உடல் சிலிர்த்தது.

ஒரே ஒரு பழைய பணியாள் மட்டும் போகவில்லை. அது போனால்தான் புது எண் அமலுக்கு வரும். அதன் கையில் இன்னும் முடியாத ஒரு தொலைபேசி அழைப்பு இருந்தது. வெட்டினால் பேசுகிறவரின் மூச்சும் அறுந்துவிடும். தானாக முடியட்டும் என்று பதினொரு நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு மங்கை அந்த அழைப்பை ஒலிபெருக்கியில் திறந்தார்.

"சரிங்க அண்ணி, வச்சிடறேன். அப்புறம்..."

கனகசபாபதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அது அவர் மனைவி வேதவல்லியின் குரல். கப்பலில் மிச்சம் ஆறு நிமிடம். அவர் மைக்கை எடுத்தார்.

"வேதா, போனை வை."

"வச்சுட்டுத்தாங்க இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களான்னு அண்ணி கேக்கறாங்க."

"சாப்பிட்டேங்கக்கா," என்றார் அவர் அந்த அண்ணியிடம், பழக்கம் விடாமல். "மச்சானுக்கு முட்டிவலி எப்படியிருக்கு?"

"சார், நானூறு பேர்," என்றார் மங்கை.

"சரிக்கா, வைக்கிறோம்."

"வைங்க தம்பி."

"நீங்க முதல்ல வைங்கக்கா."

"இல்ல, நீங்க வைங்க."

மங்கை மைக்கைப் பிடுங்கினார். "அண்ணி, உங்க அடுப்புல பால் பொங்குற சத்தம் கேக்குது."

அழைப்பு பட்டென்று முடிந்தது. பழைய பணியாள் அணைந்தது. ஒரு நிமிடக் காற்று மிச்சமிருக்கையில் கப்பலின் நானூறு பேரும் புது மூச்சு இழுத்தார்கள்.

கனகசபாபதி மங்கையின் கையிலிருந்து மைக்கை வாங்கி அணைத்தார்.

"சர்வர் ஓடிக்கிட்டேதாம்மா மாறுச்சு," என்றார். "கண் இமைக்கிற நேரம்கூட ஆகலை, நானே பார்த்தேன். மிச்ச நேரமெல்லாம் எங்க குடும்பம் போனை வைக்க ஆனது."