என்னங்க நாஞ்சொல்றது

ட்ரிங்... ட்ரிங்...

1997 ஜூலை. புதன்கிழமை காலை ஏழரை. மலை மேல் இருந்த அந்தப் போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் குழந்தைவேல் ரிசீவரை எடுத்தார்.

"ஏரியில ஒரு பொணம் கெடக்குதுங்க. என்னங்க நாஞ்சொல்றது. போட்டது நாந்தானுங்க. என்னங்க நாஞ்சொல்றது."

டொக்!

பஸ் ஸ்டாண்டு ஒரு ரூபாய் போனிலிருந்து வந்த கால்.

குழந்தைவேல் சிரித்தார். பத்து வருஷ சர்வீஸில் இவ்வளவு சுலபமாக ஒரு கொலைக் கேஸ் முடிந்ததில்லை. ஏற்காட்டில் பேச்சுக்குப் பேச்சு அப்படிக் கேட்கிற வாய் ஒன்றே ஒன்றுதான்.

ஜீப் டிரைவர் சின்னத்தம்பியின் வாய்!

பனிமூட்டத்தில், யார் கண்ணிலும் படாமல், அவனைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பட்டு வேட்டி. நெற்றியில் சந்தனம்.

"பொணமுங்களா? சார், நான் வந்து... என்னங்க நாஞ்சொல்றது... கோழிகூட அறுத்ததில்லீங்க."

"அதாகப்பட்டது, யாரைடா போட்ட?"

'அதாகப்பட்டது' குழந்தைவேலின் வாயோடு பிறந்தது. அதையெல்லாம் யாரும் கேட்க முடியாது. அவர் போலீஸ்.

"இன்னைக்கு எனக்கு நிச்சயதார்த்தமுங்க. சேர்வராயன் கோயில்ல, பதினோரு மணிக்கு. பன்னெண்டு அடிச்சா ராகுகாலம். நாளைக்கு ஆடி பொறந்துருது. முப்பத்தியாறு வயசுல... என்னங்க நாஞ்சொல்றது... இப்பத்தானுங்க ஒரு பொண்ணு சரின்னுருக்குது."

"பொணம் கெடைக்கட்டும். அப்புறம் பாக்கலாம் உன் நிச்சயத்த."

படகுக்காரர்கள் ஏரியில் கொக்கி போட்டுத் துழாவினார்கள்.

எட்டரைக்கு ஒரு செருப்பு. ஒன்பதுக்கு ஒரு குடை. ஒன்பதரைக்கு இன்னொரு செருப்பு, அதுவும் இடது கால்.

பிணம் மட்டும் வரவில்லை.

லாக்கப்பில் சின்னத்தம்பி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

பத்து மணிக்கு குழந்தைவேல் டீ குடிக்கக் கடைவீதிக்குப் போனார்.

போனவர் திடுக்கிட்டு நின்றார்.

கடைவீதியே ஊமையாகிக் கிடந்தது!

சேலம் பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவாமல் விசில் மட்டும் ஊதிக்கொண்டிருந்தார். பலாப்பழக்காரர் விரலை விரித்து விலை சொன்னார். பேரம் பேச வந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். டீக்கடை குப்பாயி டம்ளரை வைத்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அதாகப்பட்டது, என்னம்மா ஆச்சு ஊருக்கு?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் கிசுகிசுத்தாள். "உங்க ஏட்டய்யா சொன்னாருங்க. பேச்சுல அடிக்கடி வர்ற வார்த்தைய வெச்சுக் கொலகாரனைப் புடிக்கறீங்களாமா. எந்த வார்த்தைன்னு மட்டும் சொல்லமாட்டேனுட்டாரு. எனக்கு 'பாத்துக்கங்க'ன்னு வருமுங்க, பாத்துக்கங்க..."

சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கணீரென்று!

"நம்ம சேலத்துல, கேட்டீங்களா, இந்தப் பனியே கெடையாது, கேட்டீங்களா..."

மூலை பெஞ்சில் ஒரு ஆள். ஐம்பத்தைந்து வயது, புதுச் சட்டை, தோளில் துண்டு. எதிரே இருந்தவர் பயந்துபோய் எழுந்து போன பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.

"யாரு அது?"

"சின்னத்தம்பிக்குப் பொண்ணு குடுக்கறவருங்க. நல்லமுத்து. நேத்து மாப்பிள்ள ஜீப்புலதேன் மேல வந்தாங்க."

"வெளியூர்க்காரரு. சேதி தெரியாது போல."

"ஏனுங்க, நாந்தேன் சொன்னனுங்களே. 'எனக்கென்ன பயம்'னு சிரிச்சாரு."

குழந்தைவேலின் மூளைக்குள் டியூப்லைட் மினுக்கி மினுக்கி... கடைசியில் எரிந்தே விட்டது!

போனில் வந்தது எந்த வார்த்தை என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் அவரவர் வார்த்தையை நினைத்து நடுங்குகிறார்கள். அது தன்னுடைய வார்த்தை இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் மட்டும்தான் வாய் நிறையப் பேசுவான்.

அதாவது, போன் செய்தவன்!

மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதாகப்பட்டது, ஏரியில பொணமே கெடைக்கலீங்க."

"எப்படிங்க கெடைக்கும், கேட்டீங்..."

நல்லமுத்துவின் வாய் பாதியில் நின்றது. இந்தப் பிறவியில் முதல் தடவையாக.

ஸ்டேஷன். மணி பத்தரை.

"ஏன் செஞ்சீங்க?"

"சேலத்துலருந்து இருவது வளைவு சார். வளைவுக்குப் பதினோரு தடவ 'என்னங்க நாஞ்சொல்றது'. எண்ணிப் பாத்தேன், கேட்டீங்களா, இருநூத்தியிருவது. காலம் பூரா இதை எப்படி சார் கேக்கறது? மககிட்டச் சொன்னேன், அவ காதுலயே போட்டுக்கல. பன்னெண்டு வரைக்கும் மாப்பிள்ள உள்ள இருந்தா நிச்சயம் நின்னுரும்னுதான்... கேட்டீங்களா."

"கேட்டேம்ப்பா."

வாசலில் ஞானசுந்தரி நின்றாள். மாப்பிள்ளையைத் தேடி வந்த மணப்பெண். முழுக்கதையும் அவள் காதில் விழுந்திருந்தது.

"ஊட்டுல எப்பப் பாத்தாலும் 'கேட்டியா, கேட்டியா'. இருவத்தெட்டு வருசமா நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கறேன். நான் என்ன நெனைக்கறேன்னு ஒருநாளாச்சும் கேட்டிருப்பீங்களா? இவரு வாயத் தொறந்தாலே என்னையக் கேக்கறாரு. கேட்டுட்டு எம்மூஞ்சியப் பாக்கறாரு."

லாக்கப்புக்குள்ளிருந்து சின்னத்தம்பியின் குரல் வந்தது. "அது சும்மா... வாய்ப்பழக்கமுங்க..."

"தெரியும். இருந்தாலும் எனக்குப் புடிச்சிருக்குது."

சின்னத்தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தைவேலுக்கும்தான்! தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் துடைத்துக்கொண்டார்.

போலீஸ் ஜீப் பறந்தது. பதினொன்று இருபதுக்குச் சேர்வராயன் சந்நிதியில் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தார்கள்.

"அதாகப்பட்டது, நல்லமுத்து சார், நல்ல நாளு. அதனால கேஸ் எழுதல. எச்சரிக்கை பண்ணி அனுப்பறேன். ஆனா சின்னதா ஒரு தண்டனை. ஊருக்கு மாப்பிள்ளை ஜீப்புலதான் போகணும். முன் சீட்டு. இருவது வளைவும்."

சின்னத்தம்பி சாவியை எடுத்துக்கொண்டு பணிவாகச் சொன்னான். "நொம்ப மெதுவாவே ஓட்டறேன் மாமா, என்னங்க நாஞ்சொல்றது."

நல்லமுத்துவின் முகம் வெளுத்தது. எழுந்தார். விறுவிறுவென்று நடந்தார்.

வாசலுக்கு அல்ல!

லாக்கப்புக்குள் போய்க் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டு, கம்பி வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார்... கொலைக் கேஸே எழுதிக்கங்க, கேட்டீங்களா."