செஞ்சியில் காணாமல் போன எட்டு எம்.பி.

1989 ஆகஸ்ட். சனிக்கிழமை. காலை 11.10.

ஜகபர் அலி வீட்டு முன்னறையிலிருந்த கம்ப்யூட்டரில் எட்டு எம்.பி., அதாவது எட்டு மெகாபைட், இடத்தைக் காணவில்லை.

அந்த நேரத்தில் தாலுகா சர்வேயர் பொன்னுசாமி அதே வீட்டின் கொல்லையில், எருக்கஞ்செடிகளுக்கு நடுவே குனிந்து எல்லைக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். தன் அறுபது அடி மனையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை அடியை விழுங்கிவிட்டார் என்று அலி மனு கொடுத்திருந்தார். அதை அளக்கத்தான் பொன்னுசாமி வந்திருந்தார். கல் கிடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியும் காணோம். அது தன் நெற்றியில் இருப்பது அவருக்கு இன்னும் தெரியாது.

"திருட்டுப் பயலே!"

முன்னறையிலிருந்து வந்த சத்தத்தில் எருக்கஞ்செடியே ஆடியது. பொன்னுசாமி ஓடினார். வாசற்படியில் 'செருப்பைக் கழற்றவும்' என்று அட்டை தொங்கியது. கழற்றினார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்: அது இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது.

உள்ளே, சிங்கப்பூரில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஜகபர் அலி, ஓர் இளைஞனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். மேல்சித்தாமூர் சம்பவநாதன். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் படித்தவன். திரையில் ஒரு பந்து தானாகக் குதித்துக் குதித்து வேலையைக் கெடுக்கிறது என்று அலிதான் அவனை வரவழைத்திருந்தார். அது வைரஸ்; உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டை ஒரேயடியாக அழித்துவிட்டு மறுபடி எழுதினால் பந்து ஒழியும். பந்து ஒழிந்தது. கூடவே எட்டு எம்.பி.யும் ஒழிந்தது.

"நாப்பது எம்.பி. சார்," என்றார் அலி. "இந்த வட்டை மட்டும் கையிலயே வெச்சிக்கினு பிளேன்ல வந்தேன். காலி வட்டு. ரெண்டு நாள் பீரோவுல வெச்சிருந்தேன். அப்புறம் பாண்டிச்சேரிக்காரன் வந்து மாட்டி, எல்லாம் ஏத்திக் குடுத்தான். நேத்து வரைக்கும் நாப்பது காட்டிச்சி. இன்னிக்கு இவன் கை வெச்சான், முப்பத்திரண்டு. என் வட்டை உருவிக்கினு சின்ன வட்டை மாட்டிட்டான்."

"இல்ல பாய்..."

"பேசாதே."

11.40.

அலி ஆள் அனுப்பிக் கூப்பிட்ட ஏட்டு ரங்கநாதன் சைக்கிளில் வந்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். சாக்ஸின் ஓட்டையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதன் பிறகு அவர் அதட்டியதில் பாதி அதிகாரம் வாசலோடு நின்றுவிட்டது.

"இன்னா காணோம்னு எழுதணும்?"

"எட்டு எம்.பி."

"எட்டு எம்.பி.யக் காணோம்னு எழுதினா டெல்லியிலேருந்து போன் வரும் பாய். வேற மாதிரி சொல்லுங்க."

"வட்டு. முன்னூறு டாலர் வட்டு."

ஏட்டு எழுதினார். பிறகு இளைஞன் பக்கம் திரும்பினார்.

"பொட்டியத் தொறந்தியா?"

"தொறந்தேன். தூசி ஊதறதுக்கு."

"வெளிய போனியா?"

"டீ குடிக்கப் போனேன். பத்து இருவதுக்கு. கால் மணி நேரம்."

"கையில பை?"

"இருந்துச்சி. ஸ்க்ரூடிரைவர் பை."

ஏட்டு வருத்தத்தோடு தலையாட்டினார். "எல்லாம் நீயே சொல்லிட்டே. எனக்கு இன்னாப்பா மிச்சம் வெச்சே?"

சம்பவநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஏட்டிடம் காட்டினான். நாலாக மடித்திருந்த ஓர் உத்தரவு. தொலைபேசித் துறையில் வேலை. திங்கட்கிழமை வேலூரில் சேர வேண்டும்.

"ஏட்டய்யா, கேஸ் எழுதினா வேலை போயிடும். போலீஸ் விசாரிச்சித்தான் உறுதி பண்ணுவாங்க."

"எஸ்.ஐ. சார் அனந்தபுரத்துல பந்தோபஸ்துல இருக்காரு. ஆறு மணிக்கு வருவாரு. அதுக்குள்ள வட்டு கெடைச்சா நான் எழுதினதைக் கிழிச்சிடறேன். கெடைக்கலைன்னா ராத்திரி ஸ்டேஷன்தான்." ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஜைனருங்க பொழுது சாய்ஞ்சா சாப்புட மாட்டீங்களே. இப்பவே எதுனா தின்னுடு."

அவன் ஒன்றும் தின்னவில்லை.

போகலாம் என்று திரும்பிய பொன்னுசாமியின் கால் நகரவில்லை. தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் மூக்கை நுழைப்பதற்காக இரண்டு முறை மெமோ வாங்கியவர் அவர். மூன்றாவதற்கும் பெட்டியில் இடம் இருந்தது.

"தம்பி, வட்டு எந்தெந்த அளவுல கடையில கெடைக்கும்?"

"இருபது, முப்பது, நாப்பது சார்."

"முப்பத்திரண்டு?"

"அப்படி ஒண்ணு வர்றதில்ல சார்."

"அப்போ திருடன் எதைப்பா மாட்டினான்?"

ஏட்டு பேனாவை நிறுத்தினார். அலி குறுக்கே பாய்ந்தார். "மனை அளக்க வந்தவரு மனையப் பாருங்க."

12.15.

மனையைப் பார்க்காமல் பொன்னுசாமி வீட்டைப் பார்த்தார். காலையில் தண்ணீர் கொடுத்தபோதே கவனித்திருந்தார்: பிரிட்ஜின் ஓரத்தில் சிவப்பு நகப்பாலீஷில் 786. மிக்ஸியின் அடியில் 786. டேபிள் பேனில், தையல் மெஷினில், இதோ கம்ப்யூட்டர் திரையின் முதுகிலும். சிங்கப்பூர் பொருள் எது உள்ளே வந்தாலும் பிஸ்மில்லாவைக் குறிக்கும் அந்த எண்ணைப் போடாமல் அந்த வீட்டில் யாரோ விடுவதில்லை.

சுவரோரம் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதற்குப் பூட்டு. உள்ளே சென்ட் பாட்டில்கள், ஒரு காமிரா, கண் சிமிட்டும் பொம்மை, பாலிதீன் உறை பிரிக்காத டீ செட், நீல அட்டைப்பெட்டி ஒன்று, ஈபிள் கோபுரம். சாவி அலியின் பச்சை பெல்ட்டில் தொங்கியது.

"தங்கச்சி," என்றார் பொன்னுசாமி, உள்கட்டுத் திரைச்சீலையைப் பார்த்து. "அந்த வட்டு ரெண்டு நாள் பீரோவுல இருந்துச்சாமே. அப்போ அதை யாராவது தொட்டாங்களா?"

திரைச்சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"ஒரு புள்ளையோட வேலை போவுது."

திரைச்சீலை விலகியது. அலியின் மனைவி அசீசுன்னிசா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கணவரைப் பார்க்காமல் பேசினாள். "இவரு தொழுகைக்குப் போயிருந்தாரு அண்ணே. அடிப்பக்கத்துல சின்னதா எழுதினேன். கேரண்டி போயிடும்னு திட்டுவாருன்னு சொல்லல."

"வட்டு மேலயா எழுதினே?" அலிக்குக் குரல் ஏறியது.

"எல்லாத்து மேலயுந்தான் எழுதறேன். எது கெட்டுப்போச்சி?"

சம்பவநாதன் திருகாணிகளைக் கழற்றி, வட்டை வெளியே எடுத்துத் திருப்பினான். மூலையில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிவப்பாக மூன்று இலக்கங்கள்.

ஏட்டு குனிந்து பார்த்தார். "பாய், இது உங்க வட்டுதான்."

"வட்டு என்னுதுன்னா எட்டு எங்க? உள்ள இருந்து சொரண்டி எடுத்துட்டானா?"

ஏட்டு சம்பவநாதனைப் பார்த்தார். சம்பவநாதன் வட்டைத் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது.

1.20.

மூன்றரைக்கு முன்னால் கரண்ட் வராது என்று லைன்மேன் சொல்லி அனுப்பினான். பொன்னுசாமி வேறு வழியில்லாமல் தன் சொந்த வேலையைப் பார்த்தார். எல்லைக் கல் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியும். அளவுச் சங்கிலியைப் பிடித்து மனையை அளந்தார். அறுபது அடி. ஒரு விரல்கூடக் குறையவில்லை.

இன்னொரு தரம் அளந்தார். அறுபது.

பிறகு, அலி தன் கையால் அளந்ததாகச் சொன்ன டேப்பை வாங்கிப் பார்த்தார். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய பழைய துணி டேப். அதைச் சங்கிலியின் மேல் நீட்டிப் போட்டார். கிணற்றுக்கயிறு மாதிரி இழுபட்டு, நீண்டுபோயிருந்தது. நீண்ட டேப்பால் அளந்தால் மனை குறையும்.

பொன்னுசாமி எருக்கஞ்செடி நிழலில் உட்கார்ந்தார். ஒன்றரை அடி எங்கேயும் போகவில்லை. அளந்தது தப்பு. அவருக்கு மெதுவாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது.

3.35.

விசிறி சுற்றத் தொடங்கியது.

"தம்பி, வட்டை எதை வெச்சி அழிச்சி எழுதினே?"

"என்னோட பிளாப்பி சார். கம்ப்யூட்டரை ஓட்டுற டாஸ், மூணு புள்ளி மூணு."

"அதை வெச்சி இதுக்கு முன்னாடி எத்தனை வட்டு பண்ணியிருக்கே?"

"முப்பது இருக்கும். எல்லாம் இன்ஸ்டிட்யூட்டுல."

"எல்லாம் எவ்ளோ அளவு?"

"இருபது எம்.பி. இவ்ளோ பெருசு இதான் மொதல் தடவை."

"சரி. தாலுகா ஆபீஸ்ல எங்களுக்கு எந்த மனைக்கும் ஒரு வரைபடம் இருக்கும். மொத்தம் எவ்ளோ, அதுல யாருக்கு எவ்ளோன்னு. உன் வட்டுக்கு அப்படி ஒண்ணு இருக்குதா?"

சம்பவநாதன் யோசித்தான். "இருக்கு சார். வட்டைப் பாகம் பிரிக்கிற எடத்துல. நான் பார்க்கவே இல்ல. 'முழுசும் எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டுச்சி, ஆமான்னு அடிச்சேன்."

"காட்டு."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. பொன்னுசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷம் பிறர் நிலத்தைப் படித்த கண்ணால் படித்தார்.

"மொத்தம் எவ்ளோ?"

"தொள்ளாயிரத்து எழுபத்தேழு சிலிண்டர். சிலிண்டர்னா வட்டுல ஒவ்வொரு வளையம் சார்."

"நீ எடுத்துக்கினது?"

"சைபர்லேருந்து எழுநூத்தி எழுபது வரைக்கும்."

"அதாவது எழுநூத்தி எழுபத்தொண்ணு. மீதி எரநூத்தி ஆறு?"

சம்பவநாதனின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது.

"யாருக்கும் எழுதல சார். சும்மா கெடக்குது."

"எரநூத்தி ஆறு வளையம் எவ்ளோ எம்.பி.?"

அவன் கை விரலில் கணக்குப் போட்டான். திரையை இன்னொரு தரம் பார்த்தான். "எட்டரை சார்."

ஏட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் இப்போது வெட்கப்படவில்லை.

"களவாணி யாருன்னு சொல்லட்டுமா?" என்றார் பொன்னுசாமி.

"அந்த பிளாப்பிதான?" என்றார் ஏட்டு.

"அது குட்டைச் சங்கிலி. முப்பத்திரண்டுக்கு மேல எண்ணத் தெரியாது. இந்தத் தம்பிக்கும் அது தெரியாது, ஏன்னா அவ்ளோ பெரிய வட்டை இவன் பார்த்ததே இல்ல. ஆனா நேத்து வரைக்கும் இதே வட்டு நாப்பது காட்டிச்சே. அப்போ வேற ஒரு நீளச் சங்கிலி இந்த வீட்டுலயே இருந்துச்சி. தம்பி, அலி பாய்கிட்ட ஒரிஜினல் பிளாப்பி கேட்டியா?"

"மொதல்லயே கேட்டேன் சார். இல்லைன்னுட்டாரு."

"வட்டுலயே எல்லாம் ஏத்தித்தான் சிங்கப்பூர்லேருந்து வந்துச்சி," என்றார் அலி. "பிளாப்பி எங்க இருக்கும்?"

"காலையில 'காலி வட்டு, பாண்டிச்சேரிக்காரன் வந்து ஏத்தினான்'னு நீங்கதான் சொன்னீங்க. காலி வட்டுல ஏத்தணும்னா கையில பிளாப்பி இருக்கணும்." பொன்னுசாமி ஷோகேஸைப் பார்த்தார். "டீ செட்டுக்கும் ஈபிள் கோபுரத்துக்கும் நடுவுல ஒரு நீலப் பெட்டி. தம்பியோடது மூணு புள்ளி மூணு, இது மேல நாலுன்னு பெருசா போட்டிருக்குது. பொம்மைக்கு எதுக்கு நம்பரு?"

அலியின் கை தானாகப் பெல்ட்டுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"அதுவா... அது..." தொண்டையைச் செருமினார். பிறகு எரிச்சலோடு வெடித்தார். "ஆமா, இருக்குது. குடுத்தா இவன் காப்பி எடுத்துக்கினு போவான். நாளைக்கு எனக்கு எதிர்லயே கம்ப்யூட்டர் கிளாஸ் தொறப்பான். செஞ்சியில மொதல் கிளாஸ் என்னுதுன்னு போர்டு எழுதி வெச்சிருக்கேன் சார்."

"அவன் வேலூர்ல போன் கம்பம் ஏறப் போறான் பாய்," என்றார் ஏட்டு.

"அது எனக்குத் தெரியுமா?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றிருந்த அசீசுன்னிசா. "சாவியக் குடுங்க."

அலி கொடுக்கவில்லை. அவரே எழுந்து போய்த் திறந்தார். நீலப்பெட்டியை மேசைமேல் போட்டார். போட்ட விதத்தில் அதற்குள் இருந்தது ஏதோ அவருடைய கடைசிக் கையிருப்பு மாதிரி இருந்தது.

5.25.

நீலப்பெட்டி பிளாப்பியால் வட்டை மறுபடி எழுதி முடித்ததும் திரையில் நாற்பது வந்தது. பொன்னுசாமிக்கு எண்கள் ஒன்றும் புரியவில்லை. ஆனால் சம்பவநாதன் மூச்சு விட்டது புரிந்தது.

ஏட்டு எழுதிய காகிதத்தை நான்காகக் கிழித்தார். சைக்கிளில் ஏறும்போது, அனந்தபுரத்திலிருந்து அதிகாரி வந்தால் சொல்வதற்காக முனகிப் பார்த்துக்கொண்டார். "எட்டு எம்.பி.யும் வீடு திரும்பிட்டாங்க."

சம்பவநாதன் திருகாணிகளைப் பையில் போட்டான். கூலி கேட்கவில்லை. வேலூருக்குப் போகிற பஸ் ஆறேகாலுக்கு. அதற்குள் வெளியேறினால் போதும் என்று இருந்தான்.

அலி சன்னல் வழியாக வெளியே பார்த்தார். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை. கோபப்படும் பழக்கம் மட்டும் இருந்தது. இருந்ததைத்தான் உபயோகித்தார்.

"அசீசு! பொழுது சாயப் போவுதுல்ல? கண்ணு தெரியலையா? இவங்க அதுக்கப்புறம் சாப்புட மாட்டாங்கன்னு ஏட்டு சொன்னாரே. காலையிலேருந்து வயிறு காயுது. கொல்லையில எளநி வெட்டு. பழம் எடு. சீக்கிரம்."

அவள் ஏற்கெனவே ஒரு தட்டில் வாழைப்பழம் அடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

சம்பவநாதன் தயங்கினான். அலி அவனைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். கூலியையும் பஸ் சார்ஜையும் அதன் எதிரே மேசைமேல் வைத்தார்.

"உட்காருப்பா. எளநிக்கு வெறும் கத்தி போதும், பிளாப்பி வேணாம்."

அவன் உட்கார்ந்தான். முதல் வாய் இறங்கும்வரை அலி திரும்பவில்லை. பிறகு பொன்னுசாமி பக்கம் பழைய கடுகடுப்போடு வந்தார்.

"அது சரி சார். என் ஒன்றரை அடி?"

பொன்னுசாமி பையிலிருந்து துணி டேப்பை எடுத்து, அவர் கையில் சுருட்டி வைத்தார்.

"இதைக் கொத்தனார்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு எளநி வெட்டிக் குடுங்க பாய்."