இறுகாத குளம்

மாடி அறைக் கதவைத் திறந்ததுமே பாசி வாடை அடித்தது. பட்டறைச் சட்டையைக்கூட மாற்றாமல் அவர் பலகைக்கு அருகே போய்க் குனிந்தார். குளம் இன்றும் இறுகவில்லை.

அவர் பல் செட் கட்டுபவர். ஊரில் பாதிப் பேர் வாயில் மாட்டிக்கொண்டு சிரிப்பது அவர் கையால் இறுகிய கலவையைத்தான். எந்தக் கலவையும் அவரிடம் சண்டித்தனம் செய்ததில்லை. இந்த ஒரு குளம்தான் மானத்தை வாங்கியது.

அறையின் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தப் பலகையின்மேல் ஒரு சின்ன ஊரே இருந்தது. அட்டையில் வெட்டி ஒட்டிய ஸ்டேஷன், சாயம் ஏற்றிய மரத்தூளில் புல்வெளி, செம்புக் கம்பியை முறுக்கிச் செய்த மரங்கள், அத்தனையையும் சுற்றிவரும் விரல் பருமனுள்ள ரயில். தண்டவாளம் மேடேறித் திரும்பும் இடத்தில் ஒரு குளம் இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதுதான் வினை. பிளைவுட்டைத் தட்டு அகலத்துக்கு மேலோட்டமாகச் சுரண்டி, அடியில் கரும்பச்சை பூசி, கண்ணாடிபோல் இறுகும் ரெசின் பசையை ஊற்றினார். இறுகவில்லை. வழித்துப் போட்டுவிட்டு வேறு டப்பா வாங்கி ஊற்றினார். அதுவும் அப்படியே. விளக்கைக் கிட்டே வைத்துச் சூடு காட்டினார், கடைக்காரனைப் போனில் பிடித்துக் கத்தினார். நாளைக்குப் பலகையை எடுத்துப்போகக் கண்காட்சிக்காரர்களின் வண்டி வந்துவிடும்.

இன்றைக்குக் கரையில் தூண்டிலோடு அவர் உட்காரவைத்திருந்த பொம்மை மனிதனையும் காணவில்லை. பசையில் அவன் உட்கார்ந்த தடம் மட்டும் இருந்தது.

"சனியனே," என்று முனகியபடி இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினார். இடுக்கி முழுசும் மூழ்கி விரல்கள் நனைந்த பிறகுதான் கை நின்றது. அவர் சுரண்டிய பள்ளம் நகக்கண் ஆழம்கூடக் கிடையாது.

மரம் செய்ய வைத்திருந்த கம்பிச் சுருளை நிமிர்த்தி உள்ளே விட்டார். கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கை நீளத்துக்கு இறங்கியது. தரை தட்டவில்லை. மண்டியிட்டுப் பலகைக்கு அடியில் பார்த்தார். காய்ந்த மரம். ஓட்டை இல்லை, ஈரம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. தலைக்கு மேலே, பலகையின் அந்தப் பக்கத்தில், தண்ணீர் கரையில் மோதும் மெல்லிய சளக் சளக். ரயில் ஓடவில்லை. அறையில் எதுவும் அசையவில்லை.

எழுந்து கம்பியை வெளியே உருவினார். எரிச்சல் எங்கே முடிந்து பயம் எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னும் அந்தக் குட்டையோடதான் மல்லுக்கட்டா?" ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி மனைவி உள்ளே வந்தாள். "ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிட்டு வேலையைப் பாருங்களேன். வீடெல்லாம் நாத்தம்."

"இந்த ரெசின்... இது சரியில்ல. நீ கிட்ட வராத."

"எங்க, உங்க தூண்டில்காரன்? உள்ள விழுந்துட்டானா?"

"கை வைக்காதன்னு சொல்றேன்ல!"

அவள் எந்தக் காலத்தில் அவர் சொல்லைக் கேட்டாள்? கேலியாக உதட்டைச் சுழித்துக்கொண்டு விரல்களை உள்ளே விட்டாள். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க... இது வெதுவெதுன்னு இருக்கு."

"எடு. கையை எடு."

"வரல." அவர் முகத்தையே பார்த்தாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. "யாரோ பிடிச்சிருக்காங்க."

அவள் தோளைப் பற்றி இழுத்தார். ஸ்டேஷன் கவிழ்ந்தது. தண்டவாளம் பெயர்ந்தது. வியர்வையில் பிடி நழுவியது. மறுபடி பிடித்தார். இழுத்தார். கொஞ்சம் வந்தது. முழங்கை. இன்னும் கொஞ்சம். மணிக்கட்டு.

அவள் விரல்கள் வெளியே வந்தன.

அவற்றோடு கோத்துக்கொண்டு, வேறு ஐந்து விரல்களும். ஊறி வெளுத்தவை. நகமே இல்லாதவை.

"விடச் சொல்லுங்க," என்றாள்.

அவர் இழுப்பதை நிறுத்தினார். அந்தக் கை நிறுத்தவில்லை. தானாக மேலே வந்தது. மணிக்கட்டு. முழங்கை. அவசரமில்லாமல்.

பிறகு குளத்தின் மறு ஓரத்தில் இரண்டாவது கை எழும்பியது. அவர் நட்ட மரங்களை ஒன்றுகூடச் சாயாமல் பதமாக விலக்கிவிட்டு, கரையை அழுத்திப் பிடித்துக்கொண்டது.