பல்வேலி

நிலவிலிருந்து பூமிக்குப் போகிறவர்கள் கதவைக் கடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அல்லிநகர் விண்ணோடத்துறையில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. கதவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்க் கட்டையை ஒரு கடி கடித்தால், கடிப்பதிவைப் பார்த்து ஆளை உள்ளே விடும். சுரங்க எந்திரங்கள் மனித முகத்தை மாட்டிக்கொண்டு பூமிக்கு நழுவ ஆரம்பித்த பிறகு வந்த ஏற்பாடு இது.

குடியேறியவுடன் எல்லோருக்கும் பல்லை நேராக்கிப் பதிவெடுத்து, ஆளுக்கொரு பல்வேலியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கண்ணாடி போன்ற மெல்லிய உறை. தூங்கும்போது மாட்டிக்கொண்டால் பற்கள் அசையாது. மாட்டாவிட்டால், நிலவின் மெலிந்த ஈர்ப்பில் தாடை இளகி, அவை பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும். போட்டோமா இல்லையா என்று காட்டிக்கொடுக்க உள்ளே ஓர் உணரியும் உண்டு.

மாசிலாமணி முதல் வாரத்திலேயே அதை டப்பாவில் போட்டு மூடியவர். பல் மருத்துவர் கேட்கும்போதெல்லாம், “தினமும் போடறேன் டாக்டர்” என்று கூசாமல் சொல்வார். மருத்துவரும் நம்புவதுபோல் தலையாட்டுவார்.

இப்போது தூத்துக்குடியில் மகள் நாச்சியாருக்குத் தலைப்பிரசவம். நாளை ஓடம். அதை விட்டால், அடுத்த ஓடம் வருவதற்குள் பிள்ளைக்குப் பேரே வைத்து முடித்திருப்பார்கள். மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாக்கால் தடவித் தடவிப் பார்த்தார். கீழ்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. டப்பாவைத் தேடி எடுத்துப் பல்வேலியை மாட்டப் பார்த்தார். பாதிக்கு மேல் இறங்க மறுத்தது.

“ஏங்க, ஏன் இப்படிக் கெடந்து அலையுறீங்க? போய்க் கடிச்சுப் பாப்போம், விட்டா விடுறான்” என்றாள் மனைவி பவளக்கொடி.

“உனக்கென்ன பவளம்! என் பல்லைப் பாரு, சந்தைக் கூட்டம் மாதிரி முண்டியடிச்சுக்கிட்டு நிக்குது.”

“என் பல்லு மட்டும் என்ன வாழுதாம்? நானுந்தான் அந்தக் கருமத்தைப் போட்டதில்ல.”

அவர் கேட்கவில்லை. சுரங்கத்தெருச் சந்தையில் அவசரமாகப் பல்லை நேராக்கும் எந்திரம் ஒன்று இருப்பதாகக் கேள்வி. தேடிப் போய் உட்கார்ந்தார். ஒளியைப் பாய்ச்சித் தாடையை இளக்கி, ஒவ்வொரு பல்லாகப் பிடித்துத் தள்ளியது. உயிர் போய் உயிர் வந்தது. மகளை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பல்வேலியை மாட்டினால், கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதுதான் ஒரு வாய்ச் சோறு உள்ளே போனது.

மறுநாள் பவளக்கொடி கட்டையைக் கடித்தாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே மாசிலாமணி கடித்தார். சிவப்பு எரிந்தது.

“ஐயா, கொஞ்சம் ஓரமா வாங்க” என்றார் பரிசோதனை அதிகாரி சுலோச்சனா. “உங்க பல்லு பதிவோட அப்படியே பொருந்துது.”

“நல்லதுதானேம்மா?”

“அதான் சிக்கலே. பதிவைத் திருடி அச்செடுத்த பல்லுதான் இப்படி இருக்கும். மனுசன் பல்லுன்னா இந்நேரம் கோணியிருக்கணும். பல்வேலி போட்ட நாளை வச்சு, எவ்வளவு கோணியிருக்கும்னு கணக்குப் போட்டுத்தான் கதவு ஆளை விடுது.”

“நான் மனுசன்தாம்மா! அங்க என் மகளுக்கு வலி எடுக்கிற நேரம்.”

“போன மாசம் வந்த எந்திரம் அழவே அழுதுச்சு.”

ஓடத்தின் சங்கு ஒலித்தது. சந்தைக்குப் போய்ப் பல்லைத் தள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னால் போதும். ஆனால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மானம் என்று ஒன்று இருக்கிறதே!

“நான் தினமும் பல்வேலி போடுறவன். ஒருநாள் விட்டதில்ல” என்றார்.

சுலோச்சனா திரையைப் பார்த்தார். “நடைப்பயிற்சி?”

“விடிஞ்சா முதல் வேலை அதுதான்.”

“மருத்துவர் குடுத்த மாத்திரையெல்லாம் முழுசா முடிச்சீங்களா?”

“கடைசி மாத்திரை வரைக்கும்.”

“பயண விதிமுறைகளைப் படிச்சுட்டுத்தான் ஒப்புக்கிட்டீங்களா?”

“ஒரு வரி விடாம.”

ஒவ்வொரு பதிலுக்கும் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. உணரி, நடைபாதை, மாத்திரைப் பெட்டி எல்லாம் அதனதன் சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தன. சொல்லச் சொல்லத் தனக்கே குழி தோண்டுகிறோம் என்று தெரிந்தும் அவரால் வாயைக் கட்ட முடியவில்லை. எல்லாம் போயிற்று என்று அவர் நினைத்தபோது, கதவு பச்சைக்கு மாறியது.

“ஓடிப் போய் ஏறுங்கய்யா” என்றார் சுலோச்சனா. “எந்திரமும் பொய் சொல்லும். ஆனா ஆதாயம் இருந்தாத்தான் சொல்லும். ஒரு பிரயோசனமும் இல்லாம, தனக்கே கெடுதல்னு தெரிஞ்சும் பொய் சொல்றது மனுசன் ஒருத்தன்தான்.”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மாசிலாமணி விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஏறினார். அவருக்குப் பின்னால் ஓடத்தின் கதவு மூடிக்கொண்டது.

“எனக்கு உசுரே போச்சு!” என்று பவளக்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவ்வளவு நேரம் என்னதான் கேட்டாங்க?”

அவர் இருக்கையில் சாய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல பவளம். இவ்வளவு ஒழுங்காப் பல்வேலி போட்ட ஆளை இந்த ஊர்லயே பாத்ததில்லைன்னு, கையைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாங்க.”