சாம்பல் நிறக் கோட்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த நாற்காலியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது. யாருடையது என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும்," என்றார் மேலாளர். "சீட்டு காலியா தெரியக்கூடாது."

அந்த அலுவலகத்தின் லட்சணம் அப்படி. சாயங்காலமானால் மேலாளர் ஒரு சுற்று வருவார். முகத்தைப் பார்க்க மாட்டார், நாற்காலியைத்தான் பார்ப்பார். கோட்டு தொங்கினால் ஆள் இருப்பதாகக் கணக்கு. வேலை தெரியாதவருக்கு வேறு எதைப் பார்க்கத் தெரியும்?

பக்கத்து சீட்டுக்காரி குனிந்து கிசுகிசுத்தாள்.

"முன்னாடி இங்க இருந்தவரு பின்பக்கப் படிக்கட்டுல விழுந்து செத்துட்டாரு. ரெண்டு நாளா யாரும் தேடல. கோட்டுதான் இங்க இருந்துச்சே. கடைசிவரைக்கும் வேலை பாக்குறாருன்னு மீட்டிங்ல பாராட்டினாங்க."

மறுவாரம் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். மகளுக்குக் காய்ச்சல். மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

"காய்ச்சல் வராத குழந்தை உண்டாம்மா? போய் உட்காருங்க."

உட்கார்ந்தேன். முதுகில் கோட்டு வெதுவெதுப்பாகப் பட்டது, யாரோ அப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல.

காதருகே ஒரு மூச்சு.

பழைய வியர்வை வாடை.

"நீ போம்மா. நான் இருக்கேன்."

பதறியடித்துப் பள்ளிக்கு ஓடிவிட்டேன். மறுநாள் லீவு கேட்கப் பயந்து, காய்ச்சலோடேயே மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். மேலாளர் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

"நேத்து கடைசிவரைக்கும் இவங்க முதுகைத்தான் பாத்தேன். கத்துக்கோங்க."

பேய்க்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் கண்ணுக்குத்தான் இங்கே பெரிய சம்பளம். அன்று சாயங்காலம் மேலாளர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"நேத்து இருந்தீங்கல்ல, இன்னிக்கும் இருங்க."

பள்ளி விடும் நேரம் தாண்டிவிட்டது. இன்னொரு தடவை காப்பாற்று என்று கோட்டைத் தேடிக் கையைப் பின்னால் நீட்டினேன்.

கோட்டு இல்லை.

எழுந்து ஓடினேன். பள்ளிக் காவலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாப்பாவா? அவங்கம்மா அப்பவே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே. சாம்பல் கலர் கோட்டு போட்டிருந்தாங்க."

வீட்டுக் கதவைத் தட்டினேன். மகள் திறந்தாள். நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் இல்லை. அவள் மிரண்டு பின்னால் நகர்ந்தாள்.

"யாரு ஆன்ட்டி நீங்க? அம்மா உள்ள வேலையா இருக்காங்க."

உள்ளறையில் யாரோ விடாமல் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.