செவித்தோழி வேண்டாம்

மருந்து இறங்கிய காது பத்து நாளைக்கு ஒரே ஒரு குரலைத்தான் கேட்க வேண்டும். அதற்காகவே, போன காதை மீட்டுத் தரும் ஒவ்வொரு செவிமனையிலும், நோயாளியிடம் பேசிக்கொண்டே இருக்கச் செவித்தோழிகள் இருந்தார்கள்.

சோமனூர்ச் செவிமனையில் குழந்தைவேலுவுக்கு வாய்த்தவள் மிருதுளா. முதல் நாளே அவர் காதருகே கன்னம் உரசுகிற தூரத்தில் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். மூச்சுக்காற்று பட்டுக் கூசியதோ என்னவோ, அவர் சிரித்தார். விசைத்தறிச் சத்தத்தில் காது போய்ப் பன்னிரண்டு வருடம். அவர் மனைவி மேகலா அந்தச் சிரிப்பைப் பார்த்தும் அவ்வளவு நாளாகியிருந்தது.

"எந்திரி அம்மிணி. என்ற புருசங்கிட்ட நானே பேசிக்கறேன்."

"பேசலாங்க்கா. ஒண்ணே ஒண்ணு. உள்காதுல இருக்கற மயிரையெல்லாம் இழைப்புரதந்தான் கட்டிப் புடிச்சிருக்கு. தறிச்சத்தத்துல அதுதான் அறுந்துபோச்சு. இப்ப மருந்து புதுசா நெய்யுது. எந்தக் குரல் எப்படி இழுக்குதோ அப்படித்தான் இழை முறுக்கேறும். அதனால பேசறப்ப..."

"புருசங்கிட்டப் பேச எனக்குச் சொல்லித் தரோணுமாக்கும்?"

மிருதுளா எழுந்து போய்விட்டாள்.

பத்து நாளும், சத்தம் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாத அந்த அறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு மேகலாவே பேசினாள். பெண் பார்க்க வந்தபோது அவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டதிலிருந்து ஆரம்பித்தாள். தொண்டை கட்டியபோது மிளகுப்பால் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

பதினோராம் நாள் சோதனை. "அண்ணா," என்று பின்னால் நின்று மெல்ல அழைத்தாள் மிருதுளா. அவர் திரும்பவில்லை. மேகலாவுக்கு உள்ளுக்குள் இனித்தது.

"ஏனுங்க," என்று குரல் கொடுத்தாள். அறை அதிர்ந்தது. அவர் கண் கலங்கத் திரும்பினார்.

"கேக்குது கண்ணு."

மிருதுளாவின் முகம் மாறியது. "பத்து நாளும் இப்படித்தான் கத்திப் பேசுனீங்களாக்கா?"

"காது கேக்காத மனுசங்கிட்ட வேற எப்படிப் பேசறது? பன்னெண்டு வருசப் பழக்கம்."

"இழை அந்த முறுக்குலயே இறுகிப்போச்சுங்க்கா. மெல்லிசான குரல் இனி அதை அசைக்காது. மறுக்கா நெய்யவும் முடியாது."

மறுநாள் காலை வீட்டில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரின் காதில் வாயை வைத்து, கத்திச் சொல்ல முடியாத ஒன்றை மேகலா சொன்னாள். அவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

தெருவில் கீரைக்காரி கூவினாள்.

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "யாரு மேகலா அது? என்ன ஒரு குரல்."

மேகலா போய்ச் சன்னலைச் சாத்தினாள். அவர் முகத்து வெளிச்சம் அப்படியே அணைந்தது.

கொஞ்ச நேரம் கொக்கியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அவளே திறந்துவிட்டாள்.