ஷிஹோவின் ஏழாவது தட்டு

ஜூன் மழை. பல்கலைக்கழகத்தின் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே கூரையில்லாத பத்தடி தூரம்... அந்தப் பத்தடியில்தான் இருவரும் மோதிக்கொண்டார்கள்.

ஷிஹோவின் கையிலிருந்த பெட்டி சாய்ந்தது. அன்று காலையில்தான் பாக்டீரியாவுக்கான உணவை ஊற்றி உறையவைத்திருந்த தட்டுகள். அவற்றில் ஒன்று மூடி கழன்று எதிரே வந்தவன் காலடியில் போய் விழுந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுது. குடைதான் மறைச்சிருச்சு."

குனிந்து எடுத்தான். மூடியைப் பொருத்தி, இரண்டு கைகளாலும் நீட்டினான். நனைந்த இமைகளோடு அந்தக் கண்கள் அப்படி மன்னிப்புக் கேட்டால் யாரால் சண்டை போட முடியும்? "பரவாயில்லை" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நடந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அவன் பெயர் இசாமு. ஜப்பானின் மித்தோ நகரில் அவன் குடும்பத்துக்கு நாத்தோ தொழில். வேகவைத்த சோயாவில் பாக்டீரியாவைத் தூவி, நூல் நூலாக இழுபடும்வரை புளிக்கவைப்பார்கள். அதில் வைட்டமின் கே எவ்வளவு என்று அளக்க, வாரம் ஒருமுறை ஷிஹோவின் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி கொண்டுவந்தான். கொடுத்துவிட்டுப் போக ஐந்து நிமிடம் போதும். ஐயா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

"பொறந்ததுலேருந்து சாப்பிடறேன், ஷிஹோ-சான். இந்தப் பொடிசுங்க அந்த வைட்டமினை எப்படித்தான் செய்யுதுங்க?"

"தலையைத் தனியா செய்யும், வளையம் மாதிரி. வாலைத் தனியா கோக்கும். உங்க நாத்தோவுல ஏழு கண்ணி வால். அப்புறம் ரெண்டையும் ஒட்டிட்டு, தலையில சின்னதா ஒரு துண்டு சேர்க்கும். அந்த வைட்டமின் இருந்தாத்தான் பாக்டீரியாவுக்கு மூச்சே."

"கண்ணுக்கே தெரியாத உடம்புக்குள்ள இவ்வளவு வேலையா..." அவன் நிஜமாகவே வாயைப் பிளந்தான். அந்த வியப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே.

"என் பாக்டீரியாவுல அந்த ஒட்டுற ஆளை மட்டும் நான் வேலையை விட்டுத் தூக்கிட்டேன். இனி வைட்டமினை நான் ஊட்டினாத்தான் வளரும்."

"கல்நெஞ்சுக்காரி."

சிரித்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் வாசலிலேயே காத்திருந்தாள். "வளர்ந்திருச்சு, இசாமு-சான். வைட்டமினே போடாத ஏழு தட்டுல, ஏழாவதுல மட்டும். ஒட்டறதுக்கு அது வேற வழி கண்டுபிடிச்சிருக்கு. நாளைக்குப் பேராசிரியர் முன்னாடி சொல்லப்போறேன்."

இசாமு தட்டைப் பார்த்தான். வெளிறி, சுருங்கி, பளபளப்பாக... அவன் தினமும் பார்ப்பதுதான். சொன்னால் இந்த முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் நாளை அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிவாள். இவள் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை...

"ஒரு பல்குச்சி கொடுங்க."

தொட்டு, மெல்லத் தூக்கினான். மெல்லிய நூல் ஒன்று அறுபடாமல் கூடவே வந்தது.

"இது உங்க பாக்டீரியா இல்ல. எங்க வீட்டுது. அன்னிக்கு மழையில அந்த மூடியைப் போட்டது, காலையில நாத்தோ கிண்டின கை."

"ரெண்டு வாரம் பக்கத்துல உட்கார்ந்து கேட்டதும் ஆராய்ச்சியாளர் ஆயிட்டீங்களோ?" தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கிளம்புங்க."

போய்விட்டான். ஷிஹோ அந்த நூலைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை அவள் வெளியே வந்தபோது, மழையில் அவன் நின்றிருந்தான். குடையை அவள் பக்கம் நீட்டிவிட்டுத் தான் நனைந்தான்.

"திட்டறதுன்னா திட்டிடுங்க."

"ஆறு தட்டுல எதுவுமே வளரலை, ஒட்டற ஆள் இல்லாம அதால வாழ முடியலைன்னு சொன்னேன். ஏழாவது என் தப்புன்னும் சொன்னேன்."

"என் தப்புதானே அது?"

"இல்ல. கீழ விழுந்து திறந்த தட்டைத் தூக்கிப் போடணும். முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே தெரியும். ஏன் போடலைன்னு பேராசிரியரும் கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"அவர்கிட்ட எப்படிச் சொல்றது..." அவள் நிமிரவில்லை. குடைக் கம்பியை அவன் விரல்களோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நீங்க எடுத்துக் குடுத்தது. தூக்கிப் போட மனசு வரலை."